காண்டாமிருகமும் புளித்த பாலும்

1834 இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலை ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை ஆயிரம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. பதினைந்து வருஷம் வேலிக்குள் நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களை வேடிக்கை பார்த்த அந்த ஒற்றைக் கொம்பன் 1849 நவம்பரில் செத்துப்போனது. அங்கே இறக்கும் மிருகங்களை அறுத்துப் பார்க்கும் உரிமை ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூற்று அறிஞருக்கு இருந்தது. வெளியே போய்விட்டு வீடு திரும்பிய அவர் மனைவி கரோலைன், முன்கூடத்தில் செத்த காண்டாமிருகம் கிடப்பதைக் கண்டு திகைத்தார் என்று ஒரு கதை உண்டு. தோல், தசை, குடல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்த ஓவன், கழுத்தில் தைரொயிட் சுரப்பியோடு ஒட்டிக்கொண்டு, இரத்தநாளங்கள் வெளியே வரும் இடத்தில் மஞ்சளாக ஒரு சின்ன உருண்டையைக் கண்டார். அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. எழுதி வைத்துவிட்டு அடுத்த உறுப்புக்குப் போய்விட்டார். கட்டுரை அச்சில் முழுமையாக வந்ததே 1862 இல்தான். அந்த ஒரு வரியில் யாருடைய கண்ணும் நிற்கவில்லை.

காண்டாமிருகம் லண்டனில் நின்ற அதே வருஷங்களில், கண்டியைச் சுற்றிய மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி மலைவரை நடந்தே வந்தார்கள். அந்த மலைகள் இந்தக் கதைக்குள் வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குமுன் பாரிஸில் ஒரு பெண்ணுக்குக் கையில் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது.

நெக்கர் வைத்தியசாலையில் அர்மான் ட்ரூஸோ என்ற வைத்தியர் ஒரு வினோதமான நோயைக் கவனித்து வந்தார். பாலூட்டும் தாய்மாரின் கைவிரல்கள் திடீரென விறைத்து இழுத்துக்கொள்ளும். அது ஒருவகை வாதம் என்று நம்பியவர்கள், அந்தக் கால வழக்கப்படி இரத்தத்தை வெளியேற்றினார்கள். அப்படி ஒருத்திக்கு மேல்கையில் பட்டியை இறுக்கிக் கட்டியபோது, ட்ரூஸோவின் கண்முன்னே அந்தக் கை மெல்ல மெல்ல உருமாறியது. பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்தது. மற்ற விரல்கள் நீட்டி ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பிக்கொண்டன. பிரசவம் பார்க்கும் வைத்தியர் கையை உள்ளே செலுத்தும்போது எப்படிக் குவித்துக்கொள்வாரோ அச்சாக அப்படி. பட்டியை அவிழ்த்ததும் கை தளர்ந்தது. மறுபடி கட்டினால் மறுபடி இழுத்தது. தற்செயலாகக் கண்டதுதான் என்று ட்ரூஸோவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அடையாளம் அகப்பட்டுவிட்டது. ஏன் பிள்ளை பெற்றவர்களைத் தேடிப் பிடிக்கிறது இந்த நோய் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

அடுத்த காட்சி ஆண்களிடமும் பெண்களிடமும் ஒருசேர அரங்கேறியது, சத்திரசிகிச்சைக் கூடத்தில். அல்ப்ஸ் மலையடிவாரத்தில், தைரொயிட் வீங்கி வரும் கழுத்துக் கழலை வீட்டுக்கு வீடு இருந்தது. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்த பிறகு, வியன்னாவில் பில்ரோத்தும் பேர்ன் நகரில் கோக்கரும் கழலைகளை அறுத்து எடுக்கத் துணிந்தார்கள். பில்ரோத் வேகக்காரர். 1879 இல் அவருடைய உதவியாளர் வொல்ஃப்லர் ஒரு விபரீதத்தைப் பதிவுசெய்தார். கழலை முழுவதையும் எடுத்தபின் நோயாளிக்கு உதடும் விரல்நுனியும் மரத்து, கை இழுத்து, வலிப்புக் கண்டது. கோக்கரோ நிதானமானவர், ஒரு சொட்டு இரத்தம் வீணாகாமல் அறுப்பவர். அவருடைய நோயாளிகளுக்கு இழுப்பு அரிதாகவே வந்தது. ஆனால் மாதங்கள் கழித்து அவர்கள் உடல் ஊதி, பேச்சு மந்தமாகிப் போனார்கள். ஒரே சுரப்பியை எடுத்த இரண்டு கெட்டிக்காரர்களுக்கு இரண்டு வேறு விளைவுகள். இருவருக்கும் இடையே எதுவோ ஒன்று கண்ணில் படாமல் நின்றது.

அது கண்ணில் படவும் செய்தது. பார்த்தவர்தான் யாருக்கும் வேண்டப்படாதவர். 1877 இல் சுவீடனின் உப்சாலாவில் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற 25 வயது மருத்துவ மாணவர் ஒரு நாயின் கழுத்தை அறுக்கையில், தைரொயிட்டின் ஓரத்தில் மைசூர்ப் பருப்பளவில் ஒன்றைக் கண்டார். பூனை, எருது, குதிரை, முயல் என்று தேடினார். பிறகு மனித உடல்களுக்கு வந்தார். 50 சடலங்களை அறுத்து, அவற்றில் 43 இல் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு இருப்பதைக் காட்டினார். பரதைரொயிட் என்று பேரும் வைத்தார். மனித உடம்பில் புதிதாக ஓர் உறுப்பைக் கண்டுபிடித்த ஒருவருக்கு உலகம் மாலை போட்டிருக்க வேண்டும். ஜேர்மன் ஆய்விதழ் ஒன்று, கட்டுரை மிக நீளம் என்று திருப்பி அனுப்பியது. கடைசியில் 1880 இல் உப்சாலா வைத்தியர் சங்கத்தின் இதழில் சுவீடிஷ் மொழியில் வந்து அங்கேயே முடங்கியது. மனச்சோர்விலும் குடும்பச் சிக்கலிலும் உழன்ற சாண்ட்ஸ்ட்ரோம் 1889 இல், 37 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இரண்டே வருஷம் பொறுத்திருந்தால் கதை வேறு.

1891 இல் பிரான்ஸில் யூஜீன் க்ளே அதே சுரப்பிகளை மறுபடி கண்டுபிடித்தார், இந்தமுறை அவற்றின் வேலையோடு. இத்தாலியில் வசாலேயும் ஜெனராலியும் 1896 இல் தைரொயிட்டைத் தொடாமல் இந்தச் சின்ன உருண்டைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். மிருகங்களுக்கு இழுப்பு வந்தது. அப்போதுதான் வியன்னா, பேர்ன் புதிர் அவிழ்ந்தது. அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் பின்னாளில் அதை எடுத்துச் சொன்னார்: வேகமாக அறுத்த பில்ரோத்தின் கத்தியோடு பரதைரொயிட்டும் போனது, சுத்தமாக அறுத்த கோக்கர் தைரொயிட்டை மட்டும் முழுசாக எடுத்து, பக்கத்தில் இருந்ததை விட்டுவைத்தார். சரி, அந்தப் பருப்பு அப்படி என்னதான் செய்கிறது?

1909 இல் கோக்கருக்குத் தைரொயிட் ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்தது. அதே வருஷம் பால்டிமோரில், ஹால்ஸ்டெட்டின் மருத்துவமனையில், மக்கலமும் வெக்ட்லினும் ஒரு நாயை மேசையில் கிடத்தியிருந்தார்கள். பரதைரொயிட் எடுக்கப்பட்ட நாய். தசையெல்லாம் துடிக்க, மூச்சிரைக்கக் கிடந்தது. கல்சியம் குறைந்தால் தசை துடிக்கும் என்று வேறு சிலர் சொன்னது அவர்களுக்குத் தெரியும். இரத்தத்தில் கல்சியம் குறைந்திருப்பதை அளந்தும் பார்த்திருந்தார்கள். கல்சிய உப்பின் கரைசலை நாளத்தில் ஏற்றினார்கள். சில நிமிஷங்களில் துடிப்பு அடங்கியது. நாய் எழுந்து நின்றது. நான்கு பருப்புகளின் வேலை ஒன்றேதான்: இரத்தத்தில் கல்சியம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் காப்பது. அதற்காக எலும்பிலிருந்தும் கடன் வாங்கும். எடுத்த கடன் எப்போதும் திரும்புவதில்லை.

ஆனால் நாளத்தில் ஏற்றிய கல்சியம் ஒரு நாள்கூட நிற்காது. ஆயுள் முழுக்க ஊசி போட்டுக்கொண்டிருக்க முடியுமா? விழுங்கக்கூடிய ஓர் உப்பு வேண்டும். கல்சியம் குளோரைடு வயிற்றைக் கடிக்கும். சுண்ணாம்புக்கல்லோ தண்ணீரில் கரையாது. இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒன்று, எதற்கும் உதவாமல் ஏற்கெனவே சந்தையில் தோற்றுப் போயிருந்தது.

அந்தத் தோல்வியின் வேர் புளித்த பாலில் இருந்தது. 1780 இல் சுவீடனைச் சேர்ந்த மருந்தாளர் கார்ல் ஷீலே, கெட்டுப்போன பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் லக்டிக் அமிலம். நூறு வருஷம் அது ஆய்வுகூட அலுமாரியில் கிடந்தது. 1881 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் லிட்டில்டன் என்ற ஊரில் சார்ள்ஸ் ஏவரி என்பவர் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். சர்க்கரையை நொதிக்க வைத்து லக்டிக் அமிலம், அதோடு சுண்ணாம்பு சேர்த்துக் கல்சியம் லக்டேட். அவருடைய கணக்கு எளிது. கேக் பொங்க அப்பச்சோடாவோடு சேர்க்கும் புளிப்புப் பொருள் திராட்சை ரசப் பீப்பாயிலிருந்து வந்தது, விலையும் அதிகம். அதன் இடத்தில் தன் உப்பை விற்றுவிடலாம். ஒருவரும் வாங்கவில்லை. ஏவரியின் உப்பு அடுப்படிக்குள் நுழையவே இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, தண்ணீரில் கரையும், வயிற்றுக்கும் இதமான அந்த உப்பு மருந்துக்கடையின் பின்வாசலால் உள்ளே வந்தது. அடுப்படியில் மட்டும் விலைபோயிருந்தால் வைத்தியர்கள் அதைத் தேடிப் பிடிக்க எத்தனை காலமாகியிருக்குமோ.

குறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. மிஞ்சினால்? அதற்கு விலை கொடுத்தவர்கள் இரண்டு பேர். முதலாமவர் வியன்னாவின் ட்ராம் கண்டக்டர். எலும்பு கரைந்து, தொடை முறிந்து, எழும்ப முடியாமல் கிடந்தார். எலும்பு நோய்தான் முதல், பரதைரொயிட் அதைச் சமாளிக்கத்தான் வீங்குகிறது என்பது அக்காலத்துப் பெரியவர்களின் வாதம். சத்திரசிகிச்சை நிபுணர் ஃபீலிக்ஸ் மாண்டல் அதை நம்பி, விபத்தில் இறந்த ஒருவரின் பரதைரொயிட்டை எடுத்து இவருக்கு ஒட்டவைத்தார். நோய் இம்மியும் அசையவில்லை. வாதம் தலைகீழோ என்ற சந்தேகம் தட்டியது. 1925 ஜூலை 30 அன்று மாண்டல் கழுத்தைத் திறந்து, வீங்கிய ஒரு பரதைரொயிட்டை வெளியே எடுத்தார். கண்டக்டர் எழுந்து நடந்தார். சில வருஷம் கழித்து நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோனது.

இரண்டாமவர் கப்பற்காரர், கப்டன் சார்ள்ஸ் மார்டெல். ஆறடிக்கு மேல் நின்ற மனிதர் சில வருஷங்களில் ஏழு அங்குலம் குட்டையானார். சிறுநீரில் வெள்ளை மண் இறங்கியது. அமெரிக்காவில் 1926 இலிருந்து ஆறு தடவை அவர் கழுத்தைத் திறந்தார்கள், கட்டி அகப்படவில்லை. மார்டெல் சும்மா படுத்திருக்கவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூற்றுப் புத்தகங்களைப் படித்தார். கருவில் உருவாகும்போது இந்தச் சுரப்பி நெஞ்சுக்குள் இறங்கிவிடலாம் என்று அறிந்து, நெஞ்சைத் திறங்கள் என்று வற்புறுத்தினார். 1932 இல் ஏழாவது தடவை, பொஸ்டனில், சேர்ச்சிலும் கோப்பும் நெஞ்சைத் திறந்தார்கள். கட்டி அங்கே இருந்தது. நோயாளி சொன்ன இடத்தில்! வென்றுவிட்டோம் என்று நினைத்த மூன்றாம் நாள் கப்டனின் கைகள் இழுத்துக்கொண்டன. பட்டினி கிடந்த எலும்புகள் இரத்தத்திலிருந்த கல்சியத்தை உறிஞ்சத் தொடங்கிவிட்டன. கல்சியம் கொடுத்துச் சமாளித்தார்கள். ஆறு வாரத்தில், சிறுநீரகக் கல்லுக்கான இன்னொரு சிகிச்சையோடு அவர் கதை முடிந்தது. இந்த வரலாற்றில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டால் என் ஓட்டு கப்டனுக்குத்தான்.

1939 இல் டென்மார்க்கின் குழந்தை வைத்தியர் ஃப்ரிடெரிக்சன் எழுதிய குறிப்பு வேறொரு கதவைத் திறந்தது. கைக்குழந்தை ஒன்றுக்கு இழுப்பு. காரணம் தேடியவர் குழந்தையை விட்டுத் தாயைப் பார்த்தார். நோய் தாயின் கழுத்தில் இருந்தது, ஆனால் அவளுக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. அவளுடைய பரதைரொயிட் அளவுக்கு மீறிச் சுரக்க, மிதமிஞ்சிய கல்சியம் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போயிருந்தது. கொட்டிக் கிடக்கையில் நாம் ஏன் உழைக்க வேண்டும் என்று குழந்தையின் சுரப்பிகள் தூங்கிவிட்டன. பிறந்து கொடி அறுந்ததும் வரவு நின்றது, தூங்கியவை எழும்பவில்லை. தாயின் நோயைப் பிள்ளையின் வலிப்பு காட்டிக்கொடுத்தது. 1963 இல் பெர்சனும் ரோசலின் யாலோவும் பரதைரொயிட் ஹோமோனை இரத்தத்தில் நேரடியாக அளக்கும் வழியைக் கொண்டுவந்த பிறகுதான் அப்படிக் காத்திருக்கும் நிலை மாறியது. 1977 இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்குள் கண்டி மலைகளில் கோப்பி துருநோயில் அழிந்து, தேயிலை வந்து நூறு வருஷத்தை நெருங்கியிருந்தது. 1962 இல் பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் திறந்தது. அங்கே படிக்க வந்தவர்கள் கழுத்துக் கழலையைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, கிளினிக் வாங்கிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தது. தென்மேற்கின் ஈர வலயம் முழுக்கக் கழலைப் பட்டி. அடைமழை மண்ணின் அயடினைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவி இரசாயன அறிஞர் சி. பி. திசாநாயக்க அது அவ்வளவு எளிதல்ல என்றார். களியும் உக்கலும் அயடினை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை என்பது அவர் கட்சி. 1980 களின் பிற்பகுதியில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நாடளவில் 18.8 வீதமானோருக்குக் கழலை. களுத்துறையில் 30.2 வீதம். கண்டிக்கு அடுத்த மாத்தளையிலோ வெறும் 6.5. 1995 இலிருந்து உப்பில் அயடின் சேர்க்கும் திட்டம் வந்தது. ஆனால் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கழலை உப்புக்கு இறங்காது. பெருத்தால், மூச்சுக்குழலை நெரித்தால், புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால், சத்திரசிகிச்சைதான்.

கத்தி வந்தால் பில்ரோத்தின் பேயும் கூடவே வரும். கழலை எடுத்த மறுநாள் காலை விடுதிச் சுற்றில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உதட்டைச் சுற்றி எறும்பூர்கிறதா என்பது. காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டிப் பார்ப்பார். வாயோரம் வெட்டி இழுத்தால் கல்சியம் இறங்கியிருக்கலாம். பிரஷர் பட்டியைக் கட்டி மூன்று நிமிஷம் காற்றடித்து வைத்தால், ட்ரூஸோ பார்த்த அதே கூம்பிய கை. பெரும்பாலானோருக்குச் சுரப்பிகள் சில வாரத்தில் மீண்டுவிடும். மீளாத சிலர் கல்சியத்தையும், உடம்பு நேராகப் பயன்படுத்தக்கூடிய வடிவிலுள்ள விற்றமின் டியையும் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். அவர்களில் ஒருத்தி கர்ப்பமானால்?

கருவிலுள்ள குழந்தை பிறக்கும்வரை தாயிடமிருந்து ஏறத்தாழ 30 கிராம் கல்சியத்தை எடுத்துக்கொள்கிறது, பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். அந்தக் கணக்குத்தான், கலஹாவிலோ கம்பளையிலோ வத்தேகமவிலோ கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் ஒவ்வொரு பைக்குள்ளும் விழுகிறது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், விற்றமின் சி, திரிபோஷ பக்கற், அவற்றுக்கு நடுவில் யாரும் பேர்கூடக் கேட்காத வெள்ளைக் குளிசை. கல்சியம் லக்டேட், 300 மில்லிகிராம். கேக் மாவுக்கென்று பிறந்து விலைபோகாத ஏவரியின் உப்பு அதுவேதான். இரும்புக் குளிசையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் ஏறாது. அதனால்தான் ஒன்று காலையில், மற்றது இரவில் என்று மிட்வைஃப் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குளிசையைப் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. லக்டேட்டில் கல்சியம் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான். ஒரு குளிசையில் சுமார் 40 மில்லிகிராம். அரைக் கோப்பைப் பாலிலும் ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டிலும் அதைவிட அதிகம் உண்டு. உணவில் கல்சியம் குறைந்த நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 1.5 முதல் 2 கிராம்வரை கல்சியம் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தின் ஆபத்தைக் குறைக்க. பிளேன்டீயும் ரொட்டியுமாக நாளை ஓட்டும் லயத்துத் தாய்க்கு ஒற்றை வெள்ளைக் குளிசை பாதி வழிகூட இல்லை.

பரதைரொயிட் கெட்டவளுக்கு அதே உப்பு ஊட்டச்சத்தல்ல, அளந்து கொடுக்கும் மருந்து. குறைந்தால் கருப்பை முன்கூட்டியே சுருங்கலாம், குழந்தையின் எலும்பும் மெலியும். கூடினால் ஃப்ரிடெரிக்சன் பார்த்த தூங்கும் சுரப்பி. ஆகவே மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, கல்சியத்தை இயல்பு அளவின் கீழ்ப்பக்கத்தில் நிறுத்திவைக்கிறார்கள். சுரப்பி மிஞ்சிச் சுரப்பவளுக்குக் கதையே வேறு. இலேசாக இருந்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வைத்துக் கண்காணிப்பார்கள். கல்சியம் கடுமையாக ஏறினால், கதிரியக்க ஸ்கானைத் தவிர்த்து, அல்ட்ராசவுண்டில் கட்டியைத் தேடி, நடு மூன்று மாதத்தில் சத்திரசிகிச்சை. மார்டெல்லின் ஆறு வீண் தடவைகளோடு ஒப்பிட்டால் இது சொகுசு.

கடைசித் திருப்பம் 1987 இல் மெல்பர்னில் வந்தது. புற்றுநோய்க்காரர்களுக்குக் கல்சியம் ஏன் ஏறுகிறது என்று தேடிய ஜோன் மார்ட்டினின் குழு, பரதைரொயிட் ஹோமோனைப் போலவே நடிக்கும் ஒரு புரதத்தைப் பிடித்தது. நஞ்சுக்கொடியும் பாலூட்டும் மார்பும் அதே புரதத்தைச் சுரக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. சுரப்பியை இழந்த தாய்க்கு அந்த மாதங்களில் உடம்பே ஒரு பதிலாளை நியமித்துவிடுகிறது. அதனால் பழைய அளவிலேயே குளிசை விழுங்கினால் கல்சியம் மிஞ்சிப்போகலாம், சிலருக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும். பிள்ளை பால் மறந்ததும் பதிலாள் போய்விடுவார். அந்த வாரங்களில் இரத்தத்தை மறுபடி சோதித்து, குளிசைகளைப் பழைய எண்ணிக்கைக்கு ஏற்றுவார்கள்.